பின்னுக்குக் கேட்ட சத்தம்

முதலில் நான் சந்தேகப்பட்டது ரெக்கோடரைத்தான். கல்முனையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. லெப்டொப்புக்கு வயர் கொடுத்து உம்மாவின் கசட்டை ஓடவிட்டால், பேச்சுக்குப் பின்னால் டக், டக் என்று ஒரு சத்தம். பெல்ட் தளர்ந்திருக்கும் என்று கழற்றி மாட்டினேன். ஹெட்டைப் பஞ்சால் துடைத்தேன். போகவில்லை. வாப்பாவின் கசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் அந்தச் சத்தமே இல்லை.

வாப்பா சவூதியில் இருந்த காலம், இருவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. கசட்டில் கதைத்து, போகிறவர் வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினார்கள். இப்போது அவற்றைப் போனில் கேட்க வேண்டுமென்று வாப்பாவுக்கு ஆசை.

என் கணினியை ஒருநாளும் எட்டிப்பாராத உம்மா, அன்று கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

"மகன், பின்னுக்குக் கேக்கிற சத்தமெல்லாம் போனுலயும் வருமா?"

"ஓம். இன்னும் தெளிவா வரும்."

"அத மட்டும் எடுக்க ஏலாதா?"

"என்ன சத்தம் உம்மா அது?"

"எனக்கென்ன தெரியும். உண்ட மெஷின் பழசு."

ஹெட்போனை மாட்டித் திரும்பக் கேட்டேன். "நான் ஊட்டுலதான் இரிக்கன், ஒரு எடமும் போறல்ல" என்கிறார் கசட்டில் உம்மா. பின்னால் டக், டக். திடீரென்று அது நின்றது. "நூல் அறுந்திட்டுடி" என்றது வேறொரு பெண்குரல். தறிச் சத்தம். நெசவுக்குப் பேர்போன மருதமுனையில் பிறந்துவிட்டு இது பிடிபட எனக்கு இவ்வளவு நேரம்.

உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அடுத்தாக்கள்ட தறிக்குப் போகப்படாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் வாப்பா பயணம் போன. நான் போனன். அப்ப ரெக்கோடர் இரிந்ததும் அந்தத் தறி ஊட்டுலதான். முப்பது வருஷமாச் சொல்லல்ல. இனி என்னத்துக்கு அவருக்குத் தெரியணும்?"

அந்தப் பெண்குரலை வெட்டி, ஒவ்வொரு டக்காகத் தேடி அழித்தேன். இரண்டு நாள் பிடித்தது. உம்மாவின் குரல் கொஞ்சம் மெலிந்து போனது. பரவாயில்லை என்றார்.

அசர் தொழுதுவிட்டு வந்து வாப்பா போனைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்னத்த வெட்டின நீ?"

"ஒண்டும் வெட்டல்ல வாப்பா. இரைச்சலத்தான் எடுத்த."

"சவூதியில ரூமுல படுத்துக்கெடந்து எத்தின தரம் கேட்டிரிப்பன். எனக்கே கத உடுறியா? தறி எங்க?"

உம்மா குசினி வாசலுக்கு வந்தார். கையில் பாதி துருவிய தேங்காய்.

"அப்ப, தெரியுமா?"

வாப்பா போனை என்னிடம் நீட்டினார்.

"இரிந்த மாதிரியே போட்டுத் தா."