தை மாதம் மேற்கே வெள்ளி இல்லை

விளாங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாகஜோதியைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு பேச்சுப் பேசினார்கள். புருஷன் செத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், கல்நெஞ்சுக்காரி என்றெல்லாம். பேசியவர்களில் பாதிப் பேர் என் சொந்தக்காரர்கள்தான், அவர்கள் வாயை என்னால் அடைக்க முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் அவரவர் பாடு.

என் பெயர் பாண்டிச்செல்வி. கீழ்வீட்டில் நான், மேல்வீட்டில் அவர்கள். நாகஜோதி செக்கானூரணிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு மதுரை டவுனில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்கு வந்தவள், கல்யாணத்துக்கு அப்புறமும் அதே கடைதான், குழந்தைகள் துணிப் பிரிவு. வருகிறவர்கள் கலைத்துப் போட்டதை மடித்து வைப்பாள், அடுத்தவர் வந்து கலைப்பார், மறுபடி மடிப்பாள். ராத்திரி வந்து படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள், கால் அப்படி வீங்கியிருக்கும். அவளுக்கென்று ஒரு குழந்தை வாய்க்கவில்லை. அதைப் பற்றியும் அவள் பேசியதில்லை. எதைப் பற்றியும் பேசமாட்டாள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்" என்பாள், அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் புருஷன் முத்துக்குமரன் பேசிவிடுவான். குட்டியானை லோடு வண்டி வைத்திருந்தான். விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் லோடு ஏற்றி வெளியூர்களுக்குக் கொண்டு போவான். லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற டிரைவர்கள் டீ குடிப்பார்கள், தூங்குவார்கள். இவன் வானத்தைப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் எங்கிருந்தோ பழைய டெலஸ்கோப் ஒன்றை வாங்கி வந்து மொட்டைமாடியில் நட்டு வைத்தான். அதோடு விட்டானா, மேற்குப் பக்கம் மறைக்கிறது என்று என் துணிக்கொடியை அவிழ்த்து எதிர்ப்பக்கம் கட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"ஏம்ப்பா, வாடகைக்கு விட்டது வீட்டை மட்டுந்தான். வானத்தையும் சேத்தா விட்டேன்?" என்றேன்.

"யக்கா, கொடிய எங்க கட்டுனாலும் துணி காயும். நாகமலை பக்கம் மறைச்சா வெள்ளி தெரியாதுக்கா," என்றான். சிரித்துக்கொண்டே சொன்னால் என்ன செய்வது, விட்டுவிட்டேன்.

தமிழ் மாதம் ஒவ்வொன்றும் பிறக்கிற நாளில் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவது அவன் வழக்கம். இந்த மாதம் வானத்தில் என்ன பார்க்கலாம், எந்தப் பக்கம், எந்நேரம் என்று. லோடு இறக்கப் போன ஊர்களில் எல்லாம் நம்பர் கொடுத்து வைத்திருந்தான். மேலூர்ப் பக்கம், வாடிப்பட்டிப் பக்கம், நத்தம் பக்கம் என்று எம்புட்டோ பேர் அதைக் கேட்டார்கள். பாதிப் பேர் அவன் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைத்தான் தெரியும்.

அவனுக்கு ஒரு வீம்பு இருந்தது. போனில் வானத்தைக் காட்டுகிற ஆப் வைத்திருந்தாலும் அதை நம்பி அனுப்பமாட்டான். முந்தின நாளே மாடிக்குப் போய் கண்ணால் பார்ப்பான். மேகம் மறைத்தால் அனுப்புவதையே ஒரு நாள் தள்ளிப் போடுவான். "பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று ஒவ்வொரு தடவையும் பேச்சின் கடைசியில் சொல்லி முடிப்பான். நாகஜோதி அப்போது மாடிச் சுவரில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தடவிக்கொண்டிருப்பாள். "நீயும் ஒரு வார்த்தை பேசுடி" என்று போனை நீட்டுவான். மாட்டேன் என்று தலையாட்டுவாள்.

போன கார்த்திகையில் அவன் செத்துப்போனான். பூ மார்க்கெட்டில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

செக்கானூரணியிலிருந்து அவள் அம்மா ஒச்சாயியும் சனமும் வந்து தெருவே அதிர அழுதார்கள். நாகஜோதி பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றால் எழுந்தாள், குளி என்றால் குளித்தாள். பெண்கள் கட்டிப்பிடித்து அழும்போது அவர்கள் முதுகை இவள் தடவிக் கொடுத்தாள். "அழுதுருத்தா, அடைச்சு வைக்காத" என்று ஒச்சாயி அம்மா காலில் விழாத குறை. "வரலைம்மா" என்றாள். எனக்கே பயமாக இருந்தது. கருமாதி முடிந்ததும் ஒச்சாயி அம்மா மட்டும் துணைக்கு மேல்வீட்டிலேயே தங்கிவிட்டார், நாகஜோதி வேலைக்குக் கிளம்பிவிட்டாள். துணி மடித்தாள், வந்தாள், படியேறினாள்.

மார்கழி பிறந்தது. அன்றைக்குக் காலையில் அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, இந்த மாசம் என்ன பாக்கலாம்?" "அண்ணே, குரல் இன்னும் வரலையே." செத்த சேதி அந்த ஊர்களுக்கு யார் சொல்வது? இவள்தான் சொல்ல வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"என்னன்னு எழுதுறதுக்கா?" என்றாள்.

"உள்ளதை எழுது," என்றேன்.

எழுத விரல் வரவில்லை. முந்தின மார்கழிக்கு அவன் பேசி அனுப்பியது போனிலேயே இருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். "மார்கழின்னா மார்கழி வானந்தானக்கா," என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சித்திரை வந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார், தை வந்தால் தெப்பம் ஓடுகிறது, எல்லாம் அந்தந்த மாதத்துக்கு வந்து நிற்கின்றன. வானம் மட்டும் எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

அந்த மாதம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பாதி நாள் மேகம், மீதி நாள் பனி. "நன்றி அண்ணே", "அருமை அண்ணே" என்று கும்பிடு பொம்மைகள் வந்து விழுந்தன. நாகஜோதி அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். போன் அணையாமல் சார்ஜ் போட்டு வைத்தாள். அவன் செத்தது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாத வரைக்கும் அங்கே எல்லாம் அவன் இருக்கிறான். அவள் மனசு அந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை மாதத்துக்கு இந்தக் கூத்து என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

தை பிறந்தது. அந்த வருடம் மேல்வீட்டில் பொங்கல் இல்லை. முந்தின தையில் அவன் பேசியதை எடுத்து அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் போட்டுக் கேட்டாள், படிக்கட்டில் நின்று நானும் கேட்டேன்.

"வணக்கம், முத்துக்குமரன் பேசுறேன். தை மாச வானம். பொழுது சாஞ்சதும் மேக்க பாருங்க, அம்புட்டு வெளிச்சமா ஒண்ணு நிக்கும். பிளேன் இல்ல, அதான் வெள்ளி. அதை ஒட்டியே மங்கலா சனி. கெழக்க திரும்புனா அடிவானத்துக்கிட்ட செவப்பா செவ்வாய். அதுக்கு மேல வேட்டைக்காரன் இடுப்புல மூணு நட்சத்திரம் வரிசையா இருக்கும், அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

இரண்டு மூன்று நாளில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். மேற்கே ஒன்றும் தெரியவில்லையே என்றார் ஒருவர். போகிப் புகையாக இருக்கும் என்று இன்னொருவர் அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாகஜோதி எதற்கும் பதில் போடவில்லை.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம், அவளுக்கு வார விடுப்பு நாள். சாயங்காலம் நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். போனைப் பிடித்தபடி மேலே வந்தாள். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விடுதியில் இருக்கும் இம்மானுவேல் என்கிற விளையாட்டு வாத்தியார் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் பிள்ளைகள் இரைச்சல் கேட்டது.

"அண்ணே, விடுதிப் பிள்ளைக அம்புட்டுப் பேரையும் கிரவுண்டுல நிறுத்தி வச்சிருக்கேன். மேக்க பிறை மட்டுந்தான்ணே தெரியுது, வெள்ளியக் காணோம். கெழக்க செவப்பா ஒண்ணுமே இல்ல. பிள்ளைக நீங்க பொய் சொல்லிட்டீங்கங்குதுக. அப்படி இருக்காது, அண்ணன் பாத்துட்டுத்தான் சொல்லுவாருன்னு சத்தம் போட்டு நிறுத்தி வச்சிருக்கேன். நாங்க தப்பான பக்கம் பாக்குறமாண்ணே?"

இதைக் கேட்டு அவள் முகம் மாறியது. கார்த்திகையிலிருந்து அந்த முகத்தில் நான் எதையும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன், கோபம்.

"அவரு பொய் சொன்னதே இல்லக்கா," என்றாள்.

"தெரியும்டி."

"நான்தான அவரைப் பொய்க்காரராக்கிட்டேன்."

சொல்லிவிட்டு மேற்குச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். நானும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சூரியன் நாகமலைக்குப் பின்னால் இறங்கி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மெலிசாகப் பிறை. அதற்கு மேலே சோகையாக ஒரு புள்ளி. அவன் போன வருடம் காட்டிய, கண்ணைப் பறிக்கிற வெள்ளி அங்கே இல்லை. நன்றாக இருட்டுகிற வரைக்கும் பார்த்தோம். வரவில்லை.

கிழக்கே திரும்பினோம். அந்த வரிசையான மூன்று நட்சத்திரம் மட்டும் அவன் சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, பக்கத்து வீட்டு மாடிக்கு மேலே பெரிதாக ஒன்று தெரிந்தது. சிவப்பு இல்லை, பால் மாதிரி வெள்ளை.

"இது என்னக்கா?" என்றாள்.

"என்னைக் கேட்டா? எனக்கு நிலாவைத் தவிர ஒண்ணும் தெரியாது."

போனை எடுத்தாள். எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய் அழுத்திப் பிடித்தாள். முதல் தடவை ஒன்றும் பேசாமலே விட்டுவிட்டாள். இரண்டாம் தடவை பேசினாள். ஜவுளிக்கடையில் அளவு சொல்கிற மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாத குரல்.

"வணக்கம். முத்துக்குமரன் வீட்டுக்காரி நாகஜோதி பேசுறேன். நீங்க கேட்டது அவரு போன வருசம் பேசுனது. அவரு பொய் சொல்லல, நான்தான் பழசை அனுப்பிட்டேன். இப்ப மாடியில நின்னு பாக்குறேன். தை மாசம் மேக்க வெள்ளி இல்ல. மங்கலா ஒண்ணு பிறைக்கு மேல இருக்கு. கெழக்க மூணு நட்சத்திரம் இருக்கு, அதுக்குக் கீழ பெருசா, வெள்ளையா ஒண்ணு இருக்கு. பேரு எனக்குத் தெரியல. அவரு இல்ல. கார்த்திகையிலயே இறந்துட்டாரு. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

எல்லோருக்கும் அனுப்பினாள். அனுப்பிய பிறகு போனை மாடிச் சுவர் மேல் வைத்துவிட்டு, என் தோளில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். கண் காய்ந்துதான் இருந்தது.

துணி தீருவதற்குள் போன் அடிக்கத் தொடங்கியது. அவள் திரும்பவில்லை. கடைசியில் நான்தான் எடுத்து வாத்தியார் அனுப்பியதை அழுத்தினேன். இப்போது பிள்ளைகள் சத்தம் இல்லை.

"அக்கா, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. பிள்ளைகள ஒரு நிமிசம் நிக்கச் சொல்லி அண்ணனுக்குப் பிரார்த்தனை பண்ணுனோம். நீங்க சொன்னதைத் தேடிப் பாத்தேன். கெழக்க இருக்குறது வியாழன். பிறைக்கு மேல சனி. வெள்ளி எங்கயும் போயிறலக்கா. சூரியனுக்கு அந்தப் பக்கம் போயிருக்காம், அதான் கண்ணுக்குத் தெரியல. மாசியில மேக்க திரும்பி வந்துருமாம். வந்ததும் சொல்லுங்க, நாங்க பாக்குறோம்."

மடித்த சட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன்.

"வெள்ளி வந்துரும்க்கா," என்றாள்.

"ஆமா."

"மாசியில வந்துரும்."

"வந்துரும்டி."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. வெறும் தரையில் உட்கார்ந்து, மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தி அழுதாள். ஒச்சாயி அம்மா கீழேயிருந்து தலைவிரி கோலமாகப் படியேறி ஓடி வந்தார். நான் கையை நீட்டி அவரைத் தடுத்தேன். கார்த்திகையிலிருந்து வராத அழுகை, அது பாட்டுக்கு வரட்டும் என்று இரண்டு பேரும் படிவாசலிலேயே நின்றோம்.