நகராமல் நின்ற கட்டம்

சில வருடங்களுக்கு முன், மரக்காணத்தில் எங்கள் பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடுவது என்று முடிவானபோது நடந்தது இது. நான் பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அதனால் எல்லோருடைய படங்களையும் ஒரே திரையில் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கட்டம் கட்டமாகப் படங்களை அடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வகுப்பில் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே எல்லோரையும் வைத்தேன்.

கீழ் வரிசையில் ஒரு கட்டம் மட்டும் காலி. கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த, பக்கத்து ஊரான அனுமந்தையிலிருந்து வந்தவனுடைய இடம் அது. படிப்பு முடிந்து கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. யாரிடமும் அவன் படம் இல்லை.

"அந்தக் கட்டத்த எடுத்துடுப்பா. காலியா இருந்தா நல்லா இருக்காது" என்றான் ஒரு நண்பன். எடுத்தேன். நான் எழுதியிருந்தபடியே அடுத்த படம் தானாக நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டது. என் படத்துக்குப் பக்கத்தில் வேறொருவன் சிரித்துக்கொண்டிருந்தான். மனசு ஒப்பவில்லை.

அவன் அக்கா உப்பளத்தில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் சாயங்காலம் தேடிப் போனேன். பாத்திகளில் தண்ணீரே தெரியவில்லை, வானம்தான் கிடந்தது. வரப்பில் நடக்க நடக்க, மேகங்களுக்கு நடுவே போவது போலிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து, நான் யாரென்று விசாரித்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வூட்ல தண்ணி பூந்தப்ப படமெல்லாம் ஊறிப் பூடுச்சி தம்பி." வாரிய உப்பை வரப்போரம் குவித்தார். "படம் இல்லன்னா பரவால்ல. அவன் எடத்துல மட்டும் வேற யாரையும் வெக்காதீங்க."

வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டத்தை மறுபடி சேர்த்து, அதற்குள் எதுவும் நகர்ந்து வராதபடி புரோகிராமை மாற்றினேன். வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

நான் கூப்பிட்டிருந்ததால் விழாவுக்கு அக்காவும் வந்திருந்தார். மண்டபத்தில் விளக்கை அணைத்துப் புரொஜெக்டரைப் போட்டோம்.

"அவன் எடம் எது?" என்று கேட்டார். காட்டினேன். மெதுவாக எழுந்துபோய் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

அந்தக் கட்டத்தின் வெள்ளை வெளிச்சம் முழுவதும் அவர் முகத்தில் விழுந்தது. சுற்றிலும் எங்கள் முகங்கள். நடுவில் அவனுடைய அதே நெற்றி, அழுகையோ சிரிப்போ அடக்கும்போது ஒரு பக்கமாகக் கோணும் அதே உதடு. பின்னாலிருந்து யாரோ அவனுடைய பட்டப்பெயரைச் சொல்லி மெல்லக் கூப்பிட்டார்கள்.

"ம்" என்றார் அக்கா.

இன்றும் படங்களை அடுக்கும்போது எங்காவது ஓர் இடம் காலியாக நின்றால், அது யாருக்கானதோ என்று கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்துவிடுகிறேன்.