முகம் பார்த்துத் திறக்கும் கதவு

வலது கைச் சுட்டுவிரல் பச்சைப் பொத்தான் மேல், நடுவிரல் சிவப்புப் பொத்தான் மேல். இடது கையில் பாதி கடித்த ரொட்டி. கண் மட்டும் திரையை விட்டு நகராது. கார்க் கண்ணாடி இறங்குகிறது, ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது, பச்சை. "வருக, இல்லத்தாரே" என்று பதிவு செய்த பெண்குரல் தேனாய்ச் சொல்ல, கதவு நகர்கிறது. அடுத்த முகம், அடுத்த கடி.

நான்கு கோபுரங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், முகம் பார்த்துத் திறக்கும் தானியங்கிக் கதவு இருக்கிறது. அந்தத் தானியங்கி இவர்தான். வயது ஐம்பத்திரண்டு. வாசல் காவலாளிகளுக்கு இவர் 'மிஷின்'.

"மிஷின், டீ வேணுமா?"

"மிஷினுக்குச் சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லு."

உண்மையான மிஷின் ஒன்று வரத்தான் செய்தது. மூன்றே நாள். முதல் நாள், எதிர்ச்சுவர் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த நடிகைக்கு விடாமல் கதவைத் திறந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள், குடியிருப்போர் சங்கச் செயலாளரையே கூரியர்காரர் என்று முடிவு கட்டிப் பின்வாசலுக்கு அனுப்பியது. விற்ற கம்பெனி ஓசைப்படாமல் அதன் மூளையைக் கழற்றிவிட்டு, பம்ப் அறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத ஓர் அறையில் இவரை உட்கார வைத்தது. பகலுக்கு இவர், இரவுக்கு இன்னொருவர். வெளியே மூச்சு விடுவதில்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து ஒரு பிழை கிடையாது. "அப்டேட் பண்ணிட்டாங்க போல" என்று குடியிருப்பே மெச்சுகிறது.

மெச்சாமல் என்ன செய்யும்? தாடியை வழித்துக்கொண்டு வந்தாலும் கதவு கண்டுபிடித்துவிடுகிறது. ஆறாம் மாடி இரட்டையரையும் பிரித்தறிகிறது. "மூத்தவரு காதைச் சொறிவாரு, சின்னவரு கொட்டாவி விடுவாரு. இதுல என்ன விஞ்ஞானம்?" என்பார் மிஷின். வெள்ளைக் காரில் வரும் டாக்டரம்மா கதவுக்குத் தினமும் நன்றி சொல்கிறார். கதவோரம் எழுந்து நிற்கும் காவலாளியின் பக்கம் இன்றுவரை திரும்பியதில்லை.

ஒருநாள் மிஷினுக்கு வயிறு சரியில்லை. எட்டு நிமிடம் எழுந்து போனார். அதற்குள் பதினேழு கார்கள் வரிசைகட்டிவிட்டன. ஒரு கையால் தள்ளினாலே நகர்ந்துவிடும் கதவுதான். ஒருவரும் இறங்கவில்லை. ஆரன் அடித்தார்கள், கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள், ஒருவர் மூடிய கதவை வீடியோ எடுத்தார்.

சிவப்புப் பொத்தான், சமைக்கவும் துடைக்கவும் பிள்ளை பார்க்கவும் வருகிறவர்களுக்கு. "மன்னிக்கவும், நீங்கள் பதிவில் இல்லை" என்று சொல்வதும் அதே தேன்குரல்தான். முன்வாசலில் முகம் காட்டிவிட்டு, மதிலைச் சுற்றி நடந்து, பின்வாசல் நோட்டில் பெயர் எழுதி உள்ளே வரவேண்டும் என்பது சங்கத்தின் விதி.

எட்டாம் மாடியில் சமைப்பவர் இவருடைய மனைவி. காலை ஏழரைக்குத் திரையில் வருவார். இருபத்தாறு வருடமாகப் பார்க்கும் முகத்தைப் பார்த்து, தெரியாது என்று அழுத்த வேண்டும். "கட்டினவளையே யாருன்னு கேக்குற வேலை உங்களுக்குன்னு பாத்து அமைஞ்சிருக்கு" என்று வீட்டில் சிரிப்பார் மனைவி.

போன மாதம் ஒரு காலை, கொட்டும் மழை. மனைவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். முன்வாசலுக்குக் கூரை உண்டு. மதிலைச் சுற்றும் வழிக்குக் கிடையாது. திரையில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி நின்றார். மிஷின் பச்சையை அழுத்திவிட்டார்.

"வருக, இல்லத்தாரே."

தன்னைத்தானா என்று மனைவி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பின்னால் காரில் இருந்தவர் செயலாளர். அன்று மாலையே அவசரக் கூட்டம். "மிஷினுக்குத் தப்பு வராது. யாரோ அதுக்குத் தப்பாச் சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றார். இன்றைக்குச் சமையல்காரி, நாளைக்கு யார் யாரோ என்று கூட்டம் கலங்கியது. அந்தச் சமையலைச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்த எட்டாம் மாடிக்காரரும் கலங்கினார்.

மறுநாள் கம்பெனி ஆள் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "அண்ணே, மிஷின் இன்னொரு தடவை தப்பு பண்ணுச்சுன்னா மிஷினையே மாத்திடுவோம்."

"நேத்து மட்டும் மிஷினுக்கு மழை தெரிஞ்சிருச்சு சார். இனிமே தெரியாது."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அடுத்த நாளும் மழை விடவில்லை. ஏழரைக்கு மனைவி திரையில் வந்தார். சாரல் அடித்துக் கேமரா மங்கியிருந்தது. மிஷின் அழுத்தும்வரை அவர் காத்திருக்கவில்லை. நெருங்கி வந்து, அதன் கண்ணாடியை முந்தானையால் மெல்ல ஒற்றித் துடைத்துவிட்டு, தாமாகவே மதிலோரம் திரும்பி நடந்தார்.