பதினாறில் ஓடிய தட்டு

நவி மும்பை நெருளில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிற பெண் ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் திறந்துபோட்டுத் தரை துடைப்பாள். துடைக்கிற நேரமெல்லாம் பாட்டு ஓடும். போன மாதம் ஒருநாள் ஈரக் கையோடு போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஆன்ட்டி, இந்தப் படத்தப் பாருங்க, உங்க காலத்து ஆளுங்க" என்றாள். செங்கல் சுவரின் முன்னால் நான்கு வெள்ளைக்காரப் பையன்கள். மழையில் நனைந்த முடி கண்ணை மறைக்கிறது. ஓரத்தில் நிற்கிறவனுக்கு ஒரு காலில் பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது.

அந்தக் கயிற்றைப் பார்த்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிலாந்துக்காரர்கள், இது அவர்களுடைய முதல் இசைத்தட்டு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். படத்துக்குக் கீழே ஜனங்கள் எழுதிவைத்திருந்த அபிப்பிராயங்களையும் தமிழாக்கிச் சொன்னாள். ஒருவர் இதைக் கேட்டுத்தான் உயிரோடு இருக்கிறாராம். ஒருவருக்குத் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறதாம். இன்னொருவர் எல்லாம் சரி, நடுவில் இருக்கிற இரண்டு பாட்டு வேண்டாம் என்கிறாராம். "நீங்க என்ன சொல்றீங்க ஆன்ட்டி?" என்று கேலியாகத்தான் கேட்டாள். இந்தத் தட்டுக்கு எங்கள் தெரு அபிப்பிராயம் சொல்லி அறுபது வருஷம் ஆகப்போகிறது என்றேன். அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். அவளிடம் சொன்னதைத்தான் எழுத்துக் கூட்டி இங்கே எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அப்போது நாங்கள் தாராவியில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். மைக் செட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் வேலை பார்த்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் மாமா குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துபோய்க் கம்பத்தில் ஏறிக் கட்டுவார். ஒருதடவை விழுந்ததில் இடது மணிக்கட்டு கோணிப்போயிருந்தது. ஆனால் ரெக்கார்டு போடுகிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். ஓடுகிற தட்டில் எந்த இடத்தில் கீறல் வரும் என்று முன்கூட்டியே சொல்வார். அந்த இடம் வரும்போது முள்ளை விரலால் லேசாகத் தூக்கித் தாண்டவைப்பார். எங்கள் தெருவில் எனக்கு அதில் பெரிய பெருமை.

மாட்டுங்காவில் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டுக் கடை இருந்தது. கண்ணாடிக் கவுண்டர், தலைக்கு மேல் மின்விசிறி. அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. கம்பம் ஏற வேண்டாம், வெயில் இல்லை. பல தடவை கேட்டு அலுத்த பிறகு கடைக்காரர் ஒருநாள் சீமையிலிருந்து மாதிரிக்கு வந்த தட்டு ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

"இதை இங்கே போட்டா காலேஜ் பசங்க ஃபேஷனுக்கு நன்னாருக்கும்பா. எனக்கு அது வேண்டாம். உங்க தெருவுல போடு. கேக்கறவா என்ன சொல்றாளோ அதை வந்து சொல்லு. சொல்றது சரியா இருந்தா கவுண்டர்ல வந்து நில்லு."

மாமா அன்றே முழுக்கைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்துவிட்டார். வெளிர்நீலம். கோணிய மணிக்கட்டு தெரியக் கூடாது என்று இடது கையை மட்டும் அரை அங்குலம் கூட்டித் தைக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான், பிறந்து நான்கு மாதமே ஆகியிருந்த என் தம்பி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். பால்குடி மாறாத பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் ஒப்பாரி கிடையாது. சடங்கும் கிடையாது. தாய் சத்தம் போட்டு அழுதால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெரியம்மா, சொந்தமில்லை, முறைக்குப் பெரியம்மா, அன்று அம்மாவின் வாயைத் தன் முந்தானையால் பொத்திக்கொண்டே இருந்தாள். அம்மா அழவில்லை. பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள். பிறகு எழுந்தாள், சமைத்தாள். மீதி நேரத்தில் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவாள். பொறுக்கின அரிசியையே திரும்பவும் கொட்டிப் பொறுக்குவாள். நான் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் தாழ்ந்து தெரு முழுக்க மஞ்சளாக இருந்த நேரத்தில், மாமா எங்கள் வாசலில் ஸ்டூலைப் போட்டு இயந்திரத்தை வைத்தார். குழாயைக் கூரைக் கம்பில் கட்டினார். எங்களுக்குக் கரண்டு கிடையாது. தெரு முனையில் இருந்த பலசரக்குக் கடையிலிருந்து ஒயர் இழுக்க வேண்டும். போவதற்கு முன்னால் என்னிடம், "ஏட்டி, செட்டுல கைய வச்ச, ஒடிச்சுப்போடுவேன்" என்றார். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் தொட்டிருக்க மாட்டேன்.

பாவாடை நுனியால் தூசிதான் துடைத்தேன். தட்டு சுற்றுகிற வட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்பி, அதைச் சுற்றி நான்கு எண்கள். பள்ளிக்கூடத்தில் நான் இருபது வரைக்கும் வந்திருந்தேன். நான்கில் ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரிந்த எண். கம்பி அதற்கு அடுத்ததில் நின்றது. எனக்குத் தெரிந்த எண்ணில் நின்றால் நன்றாயிருக்குமே என்று ஒரு தள்ளு தள்ளினேன். 'டிக்' என்று பதினாறில் போய் உட்கார்ந்தது.

மாமா ஓடிவந்தார். கூட்டம் கூடிவிட்டதால் குனிந்துகூடப் பார்க்காமல் முள்ளை வைத்தார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பூமிக்கு அடியிலிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். ஒரு சொல்லை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் நாம் மூச்சு விட்டு மூச்சு வாங்கிவிடலாம். கம்பி வாத்தியங்கள் தண்ணீருக்குள் அசைகிற கொடிகளைப் போல இழுபட்டன. நடுநடுவே கொட்டுச் சத்தம், ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று. தெருவில் தூசிகூட மெதுவாக இறங்குகிற மாதிரி இருந்தது.

முதலில் சிரித்தார்கள். அப்பாவோடு வேலை செய்கிறவர், "எருமைய ஓடையில எறக்குனா இப்படித்தாம்வே பேசும்" என்றார். மாமா முகம் சுருங்கிவிட்டது. கரண்டு குறைவாக வருகிறது என்று நினைத்தார் போலிருக்கிறது, ஒயரைப் பிடித்துக்கொண்டே பலசரக்குக் கடைக்கு ஓடினார். அவர் போன நேரத்தில் சிரிப்பு அடங்கியது. மீன் விற்கிற மராத்திக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டு, "கோன் மர் கயா?" என்று கேட்டாள். யார் செத்தது என்று. ஊரில் கொட்டு அடித்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் கண்ணை மூடித் தொடையில் விரலால் தட்டிக்கொண்டு, "அடி சுத்தமா இருக்கு. நம்ம பக்கத்துல பெரிய சாவுக்கு இதுதான் அடி" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான்கு பையன்களும் சேர்ந்து எதையோ பறிகொடுத்துவிட்டுத்தான் இப்படிப் பாடுகிறார்கள் என்று தெரு முடிவு செய்துவிட்டது. அட்டைப் படம் கைமாறிக்கொண்டே போனது; என் கைக்கு வந்தபோது நான் பார்த்தது ஓரத்தில் நின்றவனின் அவிழ்ந்த பூட்ஸ் கயிற்றைத்தான். நனைந்த தலையைப் பார்த்து, தலை முழுகிவிட்டு வந்து நிற்கிறார்கள் என்றாள் ஒருத்தி.

மாமா திரும்பி வந்தார். இயந்திரத்தின் மேல் குனிந்தார்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து முறம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மா வாசற்படிக்கு வந்தாள். காலடியில் அரிசி சிதறியது. படியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள். முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது. குழாயிலிருந்து வந்த குரலும் அம்மாவின் குரலும் ஒன்றுபோலவே இருந்தன. எது எதுவென்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். வாயைப் பொத்த வேண்டியவள் அவள்தானே. அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு, "அவ பிள்ளைக்கு அழல. வெள்ளைக்காரன் பாட்டுக்குல்லா அழுதா. அதுக்குத் தோசம் இல்ல" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழ ஆரம்பித்தாள்.

மாமா நிமிர்ந்தார். கம்பியை அவர் கவனிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா மாட்டுங்காவுக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். அழுதேன். கூட்டிக்கொண்டு போனார்.

"என்னடா, என்ன சொன்னா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அழுதாவ மொதலாளி."

"அழுதாளா?"

அவர் தட்டை உறையிலிருந்து உருவித் தன் இயந்திரத்தில் போட்டார். சரவெடியைப் பற்றவைத்த மாதிரி வெடித்துக்கொண்டு கிளம்பியது. அதே பையன்கள்தான், வால் முளைத்த மாதிரி குதித்துக்கொண்டு பாடினார்கள். கவுண்டரில் நின்ற இரண்டு காலேஜ் மாணவர்கள் முழங்காலை ஆட்டினார்கள். நான் கவுண்டரில் தொங்கி எட்டிப் பார்த்தேன். கம்பி எனக்குப் படிக்கத் தெரியாத எண்ணில் நின்றது. மாமாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"இதைக் கேட்டு எவன்டா அழுவான்? உன் மிஷின்ல ஸ்பீடு சரியா இருந்துதா?"

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குக் கால் வலிக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மொதலாளி. அழுதாவ. நான் பாத்தேன்."

கடைக்காரர் கெட்ட மனிதர் இல்லை. தட்டை உறையில் போட்டபடி, "கைவேலை தெரிஞ்சவன்தான்டா நீ. ஆனா காது இல்லையே" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது மாமா பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கினார். அம்மா அதை இரண்டாகக் கிள்ளிப் பாதியை எனக்கு வைத்தாள். நான் கூப்பிட்டதற்கு முதல் தடவையே திரும்பினாள்.

மாமா அந்த முழுக்கைச் சட்டையோடு கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார், அது கிழியும்வரை. அவர் கேட்டுவிடுவாரோ என்று நான் ரொம்ப நாள் பயந்தேன். கேட்கவே இல்லை. அடுத்த வருஷம் எனக்கு இன்னொரு தம்பி பிறந்தான். இப்போது தாணேயில் இருக்கிறான், பேரன் எடுத்துவிட்டான். அம்மா போய் முப்பது வருஷம். மாமாவும் போய்விட்டார். இவ்வளவு பெரிய மெக்கானிக்கை எட்டு வயதில் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம், கூடவே அவர் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று ஒரு முள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டுப் பெண் போனில் எதையோ அழுத்தி அந்தப் பாட்டைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டினாள். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை. இது இல்லை என்றேன். அவள் அதை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, கீறல் எங்க வரும்னே தெரிஞ்ச மனுஷருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள். போனைக் கீழே வைத்துவிட்டு, "கடையில நீங்க பக்கத்துல நின்னீங்க இல்ல? ஸ்பீடு தப்புன்னு ஒத்துக்கிட்டா வீட்ல வந்து சொல்லிருவீங்கன்னு நெனச்சிருப்பாரு" என்றாள். அது குதிக்கிற பாட்டு என்று தெருவுக்குத் தெரிந்தால் அம்மா எதற்கு அழுதாள் என்பதும் தெரிந்துவிடும். அதை அவள் சொல்லவில்லை. நான்தான் உட்கார்ந்து நினைத்தேன். அவள் எழுந்து தரை துடைக்கப் போய்விட்டாள்.

தாராவியில் அன்று சாயங்காலம் தட்டின் ஒரு பக்கம் முடிந்தது. முள் வெறுமனே கரகரத்தது. பாட்டு நின்றுவிட்டால் அழுகைக்குச் சாக்கு இல்லை என்பதுபோலப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழப்பார்த்தார்கள். அம்மாவுக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. மாமா தட்டைத் திருப்பிப் போட்டு மறுபடியும் முள்ளை வைத்தார். அந்தப் பக்கமும் அதே மாதிரி, தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி, மெதுவாக ஆரம்பித்தது. அது முடிகிறவரை அவர் அந்தக் கம்பியின் மேல் கோணல் கையை மூடிவைத்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டு வலிக்கிறது, அதனால்தான் கையை அங்கே ஊன்றிக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.