துக்க வீட்டிலிருந்து ஒரு தட்டு கேக்

ஆண்டவரின் நிழலில் இளைப்பாறச் சென்றுவிட்ட எங்கள் அம்மாவுக்கு இந்த ஐப்பசியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அம்மாவோடு உப்பளத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கும், சத்துணவுக் கூடத்தில் அம்மா கையால் சாப்பிட்டு வளர்ந்து இன்று பிள்ளை குட்டிகளோடு வந்திருப்பவர்களுக்கும் இந்த நினைவு மலர் வழியாக மகளாக என் வணக்கம். "ரெண்டு பக்கத்துல முடிச்சிடுக்கா, அச்சகத்துல அவ்ளோதான் எடம்" என்று தம்பி சொல்லியிருக்கிறான். அவனால் இரண்டு வரிகூட எழுத முடியவில்லை, அழுதுவிட்டான். அதனால்தான் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

அம்மா பிறந்தது இரும்பைக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு பாண்டிச்சேரியில் வயதான ஒரு தம்பதியின் வீட்டில் சமையலுக்கு ஒத்தாசையாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த வீட்டில்தான் அம்மா முதன்முதலாக கேக் வேகவைக்கும் 'அவன்' என்ற அடுப்புப் பெட்டியைப் பார்த்தார். மழைக்காலம் தொடங்கியதும் கிஸ்மிஸையும் ஆரஞ்சுத் தோலையும் திராட்சைச் சாற்றில் ஊறப்போடுவது, சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுப்பது, முட்டையை நுரை பொங்க அடிப்பது எல்லாம் அங்கே கைக்கு வந்தவை. அந்த வீட்டுக்காரம்மா நல்லவர் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் கேக்கின் ஓரத்தைத்தான் தனக்குக் கொடுப்பார் என்றும் கூடவே சொல்வார்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தபோது அம்மாவுக்கு உப்பளம் புதிது. வெயிலில் பாத்திக்குள் நின்று உப்பு வாருவதும், கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவதும் பழக ஒரு வருடம் ஆயிற்று. தை பிறந்தால் வேலை, ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். பிறகு வேலை கிடையாது. தீபாவளிக்கு ஊரே பலகாரம் சுடும்போதும், எங்கள் கிறிஸ்துமஸ் வரும்போதும் உப்பளத்துக்காரர் வீட்டில் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில்தான் அம்மாவுக்குக் கேக் செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது.

'அவன்' பெட்டிக்கு எங்கே போவது? பெரிய அலுமினியக் குண்டானில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் டின்னை வைத்து மூடி, மேலேயும் தணல் போட்டால் வேகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பா கேட்டுவிட்டு, "கடல் மணல்ல கிளிஞ்சலும் குப்பையும் கெடக்கும். நம்ம உப்பு சுத்தமா இருக்குது, அதைப் போடு" என்று, மேட்டிலிருந்து ஒரு கூடை ஈர உப்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார். சூடு ஏறியதும் உப்பு வெடிக்க ஆரம்பித்தது. பட் பட் என்று அது போட்ட சத்தத்தில் மூடி எகிறி, தணல் சிதறி, அடுத்த வீட்டுக்காரர்கள் குடையோடு ஓடி வந்தார்கள். கேக் வெந்தது, ஆனால் உள்ளே உப்புக் கல் கடிபட்டது. அதுவரை கேக்கே சாப்பிட்டிராத அப்பா நிதானமாக மென்றுவிட்டு, "கேக்குன்னா இப்படித்தான் இருக்கும் போல" என்று இன்னொரு துண்டு கேட்டாராம்.

அதற்குப் பிறகு அம்மா உப்பை முதலில் வெறுமையாக வறுத்து, வெடிப்பு அடங்கி அது அமைதியான பிறகுதான் டின்னை உள்ளே வைப்பார். வறுத்த அந்த உப்பைக் கொட்டாமல் ஒரு பால் பவுடர் டப்பாவில் மூடி, பரண்மேல் வைத்து, வருடா வருடம் அதையே எடுப்பார். அது பழுப்பேறிப் போயிருக்கும். 'கேக் உப்பு' என்று அதற்குப் பெயர். அதைக் குழம்பில் போட்டால் அம்மாவுக்குக் கெட்ட கோபம் வரும்.

அலங்காரம் அப்பாவின் வேலை. மூங்கில் பிளாச்சைக் கட்டி, சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் ஒட்டி நட்சத்திரம் செய்வார். சவுக்குக் கழியின் நுனியில் அது ஏறியதும்தான் எங்கள் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் வந்ததாகக் கணக்கு. குடில் ஜோடிக்கும்போது வைக்கோலுக்குப் பக்கத்தில் உப்பைக் கொட்டி, "பனி" என்பார். மார்கழி ஈரத்தில் அந்தப் பனி கசிந்து, மண் ஆட்டுக்குட்டிகள் முழங்கால் தண்ணீரில் நிற்கும். அடுத்த வருடமும் மறக்காமல் அதையே செய்வார். கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்ததும், கேக்கும் முறுக்கும் வைத்துத் துணி மூடிய தட்டுகளை வீடு வீடாக எடுத்துப்போவதும் அப்பாதான்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் அப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். எனக்குப் பத்து வயது இருக்கும், தம்பி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. நோயில் படுப்பதற்கு முன்பே அப்பா கிஸ்மிஸ் வாங்கிவந்து கொடுத்திருந்தார். அம்மா ஊறப்போட்டிருந்த ஜாடி அலமாரியில் இருந்தது. அடக்கம் முடிந்து வந்த அன்றும் அது அங்கேயேதான் இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் எல்லோருக்கும் தெரியும். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. பலகாரத்துக்கு அடுப்பு மூட்டக் கூடாது, நட்சத்திரம் கட்டக் கூடாது. மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து ஒன்றும் வெளியே போகக் கூடாது. அப்பாவின் மூத்த சகோதரி, எங்கள் பெரிய அத்தை, மார்கழி பிறப்பதற்கு முன்பே வந்து இதைச் சொல்லிவிட்டுப் போனார். இனிமேல் வரும் பகுதியை அத்தையிடம் வாசித்துக் காட்டி, அவர் "போடு, நடந்ததுதானே" என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா அன்று அத்தைக்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. ஆனால் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னால், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பரணிலிருந்து கேக் உப்பை இறக்கினார். விஷயம் தெரிந்து அத்தை வந்துவிட்டார்.

"இன்னாடி இது? எந்தம்பி போயி ரெண்டு மாசம் ஆவல. அதுக்குள்ள உனக்கு கேக்கு கேக்குதா?"

"எனக்கு இல்லீங்க அண்ணி."

"ஊரு இன்னா சொல்லும்? தாலி அறுத்தவ கையால குடுக்கறத எவ வாங்கித் தின்னுவா?"

அம்மா தணலை ஊதிக்கொண்டே சொன்னார்: "அவரு இல்லேன்னு ஊருக்குத் தெரியும். எம்புள்ளைங்களுக்கும் தெரியும். நட்சத்திரமும் இல்லேன்னு வேற தெரியணுமா அண்ணி?"

"அப்படின்னா இனிமே இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். பாத்துக்க." அத்தை போய்விட்டார்.

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. அப்பா பக்கத்தில் எங்களுக்கு இருந்த ஒரே வீடு அத்தை வீடுதான். மழை மாதங்களில் எங்கள் வீட்டுக்கு அரிசி வந்ததும் அங்கிருந்துதான். அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் டின்னை உள்ளே வைத்து மூடினார். கலர் காகிதத்தை எடுக்காமல் வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அப்பா கட்டிவைத்திருந்த பழைய மூங்கில் சட்டத்திலேயே நட்சத்திரம் செய்தார். அதுதான் அவர் துக்கம் காத்த விதம். அந்த வெள்ளை நட்சத்திரம் அத்தை வீட்டுத் தெருவரைக்கும் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் பூசை முடிந்து வந்ததும் முதல் தட்டு அத்தை வீட்டுக்கு. அப்பா வழக்கம் அது. நானும் அம்மாவும் போனோம், தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அத்தை வாசலுக்கு வந்தார். மூடியிருந்த துணியைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை.

"எடுத்துக்கினு போ. சாவு வூட்டுப் பண்டம் எங்கூட்டுல எறங்காது."

போன தட்டு போனபடியே திரும்புவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. யார் வீட்டுக்குக் கொடுத்தாலும் தட்டைக் கழுவி, ஒரு கைப்பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் திருப்பித் தருவார்கள். வெறும் தட்டாகக்கூடத் தர மாட்டார்கள். நான் அழுதேன். அம்மா அழவில்லை. வீட்டுப்பக்கம் திரும்புவார் என்று பார்த்தால், நேராகக் கூனிமேட்டு பாய் கடைக்கு நடந்தார். கூனிமேட்டிலிருந்து வந்து எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். அப்பா கிஸ்மிஸ் வாங்கியதும் அங்கேதான்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், எல்லோரும் எங்கள் தெருக்காரர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் பாயின் மனைவி, பாயம்மா, உட்கார்ந்திருந்தார். அம்மா தட்டை நீட்டி, "எங்கூட்ல சாவுன்னு தெரியும் இல்லியா? வேணாம்னா சொல்லிடுங்க" என்றார்.

பாயம்மா துணியை எடுத்தார். ஒரு துண்டைப் பிட்டு, அங்கேயே, அத்தனை பேர் பார்க்க வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்கள்ல மௌத்தான வூட்டுக்கு மூணு நாளு அக்கம்பக்கத்துலருந்து சோறு வரும். அப்புறம் அடுப்ப பத்த வெச்சுதான ஆவணும்? புள்ளைங்கள வெச்சிருக்கே இல்ல?" என்றவர், மென்று முடித்துவிட்டு, "உங்கூட்டுக்காரரு வருஷா வருஷம் இந்தத் தட்டோட வருவாரு. இந்த வருஷம் நீ வந்திருக்கே. அவ்ளோதான்" என்றார்.

நின்றிருந்தவர்களில் ஒருவர், "ஏம்மா, எனக்கும் ஒண்ணு குடேன்" என்று கை நீட்டினார். தட்டு அங்கேயே காலியாயிற்று. பாயம்மா அதைக் கழுவி, பேரீச்சம்பழம் வைத்துக் கொடுத்தார். அன்று மதியத்துக்குள் மற்றத் தட்டுகளும் தெரு முழுக்கப் போய்வந்தன. வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா அழுதார். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

அத்தை வீட்டு அரிசி நின்றது. அந்தச் சில மழைக்காலங்கள் எப்படிப் போயின என்பது அம்மாவுக்கும் ஆண்டவருக்கும் தெரியும். பங்குச் சாமியாரும் பள்ளித் தலைமையாசிரியரும் எடுத்த முயற்சியில் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். யாரையும் குறை சொல்ல மாட்டார். ஆனால் கேக்குக்கு மாவு அடிக்கும்போது பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தால், கரண்டியாலேயே ஒன்று வைப்பார். என் கல்யாணத்துக்கு அத்தையை அம்மாவே போய் அழைத்தார். அத்தை வந்தார், ஆசீர்வதித்தார், பிறகு போக்குவரத்து இருந்தது. தட்டைப் பற்றி மட்டும் இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவே இல்லை.

கடைசி இரண்டு ஆண்டுகள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. உணவில் உப்பு கூடாது என்று டாக்டர் சொன்னதும் சிரித்துவிட்டார். "உப்புல நின்னு நின்னு காலு வெடிச்சுது, அப்ப எந்த டாக்டரும் உப்பு ஆவாதுன்னு சொல்லல" என்றார். போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை, தம்பி கையைப் பிடித்தபடியே அடங்கிப்போனார். அப்பா போன அதே மாதம்.

இரண்டு மாதத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. செய்வதா வேண்டாமா என்று தம்பியும் நானும் பேசவே இல்லை. அவன் பாட்டுக்கு வெள்ளைக் காகிதம் வாங்கிவந்தான், நான் பாட்டுக்குப் பரணில் ஏறினேன். அம்மா படுத்ததிலிருந்து தொடாத டப்பா. மூடி துருப்பிடித்து, கேக் உப்பு நீர் விட்டுக் கட்டியாகியிருந்தது. வறுக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே குண்டானில் போட்டுவிட்டேன். அது வெடித்த வெடியில் தம்பி ஓடி வந்தான். அம்மா போன பிறகு அன்றுதான் அந்த வீட்டில் நாங்கள் சிரித்தோம்.

கிறிஸ்துமஸ் காலையில் ஆட்டோ வந்து நின்றது. பெரிய அத்தை. இப்போது அவரால் தனியாக நடக்க முடியாது, பேரன் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தான். வெள்ளை நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்தார். அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தட்டு எங்கடி?" என்றார்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "சாவு வூடு அத்தை" என்றேன்.

"தெரியும். உங்கம்மா அன்னிக்கு எடுத்தாந்தாளே, அந்தத் தட்டுல வெச்சு எடுத்தா."

கொடுத்தேன். அத்தை கேக்கைப் பிட்டு வாயில் வைத்தார். மென்றுகொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். உப்புக் கல் கடிபட்டிருக்கிறது. அத்தை துப்பவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றார்.

அம்மாவின் கடைசி நாட்களில் துணையிருந்த செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கை முன்னின்று நடத்திய பங்குத் தந்தைக்கும், தோள் கொடுத்த உப்பளத் தோழர்களுக்கும், அம்மாவுக்கு முன்பே போய்விட்ட பாயம்மாவின் பிள்ளைகளுக்கும், பெரிய அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூசை முடிந்து நீங்கள் இந்த மலரைப் பிரிக்கும்போது, பக்கத்தில் ஒரு துண்டு கேக்கும் வைத்திருப்போம். இம்முறை உப்பை நன்றாக வறுத்துவிட்டேன். துக்க வீட்டுப் பண்டம்தான். தட்டைத் திருப்பிவிடாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.