சபதத்துக்குப் பங்கம் வராத சாக்லேட்

அகப்பையில் ஒட்டியதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தொட்டு இழுத்துப் பார்த்தார் அய்யம்மாள். நூல் அறுந்தது. "இன்னும் பதம் வரல" என்று மறுபடி கிண்டத் தொடங்கினார். எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் ஒட்ட மைதா பசை காய்ச்சுபவர் அவர். இன்று சட்டியில் இருப்பதோ பாலும் சாக்லேட்டும்.

எதிர்வீட்டுக்காரனான எனக்கு அவருடைய வேதாந்தம் அத்துப்படி. கெட்டியானது நல்லது, தண்ணியானது கெட்டது. டீக்கடையில், "என்னண்ணே, டம்ளர் கழுவுன தண்ணியக் குடுக்கீக?" என்பார். ரசம் ஏன் இவ்வளவு தண்ணியாக இருக்கிறது என்று என் மனைவியிடம் கேட்ட ஒரே ஆளும் அவர்தான்.

அந்த வாய்தான் வினையாயிற்று. நாத்தனார் பத்திரகாளி வீட்டுக் காதுகுத்தில், பந்தி நடுவே, "கறிக்கொளம்புல கெண்டை நீந்தும் போலயே!" என்று சொல்லிவிட்டார். பத்திரகாளி கரண்டியோடு நிமிர்ந்தார். "மதினி, இனி உங்க வீட்டுப் பச்சைத்தண்ணிகூட எம் பல்லுல படாது!" பெயருக்கேற்ற சபதம்.

அண்ணனைப் பார்க்க ஞாயிறுதோறும் வருவார். எந்த வெயிலில் வந்தாலும் நா வறண்டபடியே திரும்புவார். இருவருக்கும் ஒரே கம்பெனிதான்; அங்கேயும் தனித்தனிச் சாப்பாடு. "அவ இல்லாம தூக்குவாளியத் தெறக்கவே பிடிக்கல" என்று அய்யம்மாள் என்னிடம் கண் கலங்கியதுண்டு. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க மட்டும் அந்த வாய் வராது.

போன வாரம் அய்யம்மாள் மகள் சினேகா இத்தாலிக்காரர்களின் சூடான சாக்லேட்டைச் செல்போனில் காட்டினாள். "பால்ல சோளமாவு போட்டுக் கெட்டியாக் காய்ச்சுவாகளாம். ஸ்பூன்ல திங்கணுமாம்மா."

"குடிக்கிறதில்லையா? தண்ணியும் சேக்க மாட்டாகளா?" அய்யம்மாள் முகத்தில் வக்கீல் களை வந்துவிட்டது.

இதோ ஞாயிறு. அழைப்பில்லாமலே நானும் ஆஜர். பத்திரகாளி வந்து உட்கார்ந்ததும் அய்யம்மாள் டம்ளரை நீட்டினார். "இது தண்ணியும் இல்ல, குடிக்கிறதும் இல்ல. சபதத்துக்குப் பங்கம் வராது. தின்னு பாரு தாயி."

பத்திரகாளி சந்தேகத்தோடு டம்ளரைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அடியில் தட்டினார். அப்போதும் விழவில்லை. கம்பெனிக் கைப்பக்குவம் அப்படி!

"போஸ்டர் ஒட்டலாம் போலயே மதினி" என்றபடி ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு ஸ்பூன். அடுத்தது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு இறங்க மறுத்தது. விக்கல் கிளம்பியது.

அய்யம்மாள் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். நீட்டத் துணியாமல் பக்கத்தில் வைத்தார். "அன்னைக்கு நா அப்பிடிச் சொல்லிருக்கக் கூடாது, காளி" என்றார், தரையைப் பார்த்து.

இன்னொரு விக்கல். பத்திரகாளி மதினியைப் பார்த்தார். பிறகு செம்பை எடுத்து, விருந்தாளிபோல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்தே மடமடவென்று குடித்தார்.