மூன்றாம் மாடியில் யார்?

"உங்க வூட்டுல மீட்டரே கிடையாதாமே. நீ வந்து எங்க கடைக்குக் கரண்டை மிச்சம் புடிச்சுக் குடுக்கப் போறியா?"

ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடை முதலாளி இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எந்த ஊர், என்ன வீடு என்று அவர் விசாரித்தபோது நானேதான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். உடையார்பாளையம் பக்கத்தில் எங்களுடையது குடிசை வீடு. அரசாங்கம் கொடுத்த ஒற்றை விளக்கு இணைப்பு. மீட்டரும் இல்லை, பில்லும் வராது. யூனிட் என்றால் என்னவென்று பாலிடெக்னிக்கில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அதை எங்கும் மறைத்ததில்லை, அன்றும் மறைக்கவில்லை.

"புடிச்சுக் குடுப்பேன் சார்" என்றேன்.

பெரம்பலூரில் இருக்கும் எங்கள் கம்பெனி, கட்டடங்களுக்கு ஸ்மார்ட் எனர்ஜி சிஸ்டம் போட்டுக் கொடுக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்கள், சைட் வேலை எப்படியிருக்கும் என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஒரு சைட்டைப் பற்றி எழுதுகிறேன். என்னை அதிகமாகக் குழப்பியது இதுதான்.

1. போட்டது

கடைக்குத் தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளும் உண்டு. மூன்றாம் மாடி பட்டுப் பிரிவு. முகூர்த்த சீசனில் கால் வைக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் ஆளே இருக்காது. ஒவ்வொரு மாடியின் கூரையிலும் ரேடார் சென்சார் பொருத்தினோம். ஏதாவது அசைந்தால் லைட்டும் ஏசியும் ஓடும். அசைவு நின்றால் சற்று நேரத்தில் தானாக அணையும். சுவரிலிருந்த சுவிட்சுகளை எடுத்துவிட்டோம். போட்டுவிட்டு அணைக்க மறந்துவிடுவார்கள் என்பதால் எல்லா சைட்டிலும் எங்கள் கம்பெனி அப்படித்தான் செய்யும். மாடிக்கு ஒரு மீட்டர்; அதன் கிராஃப் என் போனுக்கு வரும்.

முதல் பில் வந்தது. குறையவில்லை, ஏறியிருந்தது.

முதலாளி போன் செய்தார். "ஏம்மா, மிச்சம் புடிக்கிறேன்னு சொல்லிட்டு இருந்ததையும் ஏத்தி வுட்டுட்டியே? அடுத்த பில்லும் இப்படி வந்துச்சுன்னா எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிருங்க."

நான் அப்போது தற்காலிகமாகத்தான் சேர்ந்திருந்தேன். என் சீனியர் பிரகாஷ் சார் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இது உன் சைட்டு. கழட்டிட்டு வந்தா நீயும் கூடவே கிளம்ப வேண்டியதுதான்."

2. தேடியது

கிராஃபில் மூன்றாம் மாடியின் கோடு பகல் முழுக்கத் தரையோடு கிடக்கும். பொழுது சாயும் நேரத்தில் மட்டும் சுவர் மாதிரி நிமிரும். சில மணி நேரம் நின்றுவிட்டு விழும். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். சென்சாரைக் கேட்டால், அங்கே ஓர் ஆள் ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதாகச் சொன்னது.

கடைக்குப் போய்க் கல்லாவில் இருந்த அண்ணனிடம் விசாரித்தேன்.

"அந்தி நேரத்துல மூணாவது மாடியில யாருண்ணே இருக்கா?"

"அங்க யாரு இருக்கா? ஒரு ஈ காக்கா கிடையாது."

"சென்சார் ஆள் இருக்குன்னு சொல்லுதே."

"அப்ப பேயிதான் பட்டு எடுக்க வந்திருக்கும். தள்ளுபடி கேட்டுச்சுன்னா என்கிட்ட அனுப்பி வை."

கரண்டை அளக்கும் சி.டி. வளையத்தை நான் திருப்பி மாட்டியிருக்கலாம் என்றார் பிரகாஷ் சார். பேனலைத் திறந்து பார்த்தேன். வளையத்தின் மேலிருந்த அம்புக்குறி சரியாகவே இருந்தது. பல்லியாக இருக்கும் என்றார். சென்சாரைச் சுற்றித் துடைத்தேன். பிறகு சென்சாரையே மாற்றினேன். ஏசிக் காற்றில் திரைச்சீலை ஆடுகிறதோ என்று அதையும் கட்டி வைத்தேன். மறுநாள் பொழுது சாய்ந்ததும் கோடு பழையபடி நிமிர்ந்தது. படித்ததெல்லாம் சரியாக இருந்தது, பார்த்ததெல்லாம் சரியாக இருந்தது, விடை மட்டும் தப்பாக வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவேயில்லை. நான் தங்கியிருந்த பெரம்பலூர் ஹாஸ்டலில் கேட்டைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். அதனால் எப்போதும் காலையில் போய் மதியம் பஸ் ஏறிவிடுவேன். அந்தக் கடையை நான் அந்தியில் பார்த்ததே இல்லை.

3. பார்த்தது

ஒருநாள், ராத்திரி பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்து கடையிலேயே இருந்துவிட்டேன். தெருவிளக்கு எரியத் தொடங்கியதும் கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"மலரு, விளக்கு வச்சாச்சா?"

சேலைப் பிரிவில் இருக்கும் மலர்க்கொடி அக்கா படியேறினார். நானும் பின்னாலேயே போனேன். முதல் இரண்டு மாடிகளில் ஆட்கள் இருந்ததால் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மூன்றாம் மாடி இருட்டு. அக்கா உள்ளே காலெடுத்து வைத்ததும் விளக்கு எரிந்தது. அவர் நேராக, காட்சிக்கு நிறுத்தியிருந்த கல்யாணப் பொம்மையிடம் போய், அதன் அடியிலிருந்த பிளக்கைச் சொருகினார். அரக்குப் பட்டு கட்டிய பொம்மை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

திரும்பியவர் என்னைப் பார்த்துத் துள்ளிவிட்டார். "யம்மாடி! நீயா? உசுரே போயிடுச்சு."

"என்னக்கா பண்றீங்க?"

"விளக்கு வைக்கிற நேரத்துல மாடி இருட்டாக் கெடக்கலாமா? நீங்கதான் சுவிச்சையெல்லாம் புடுங்கிட்டீங்க. நான் நின்னா எரியுது, எறங்குனா அணைஞ்சு போவுது. கீழ யாவாரத்தை யாரு பாக்குறது? அதான் இவள நிறுத்திட்டுப் போறேன், கடை சாத்துறப்ப வந்து புடுங்கிருவேன். இவ லீவும் கேக்க மாட்டா."

தலைக்கு மேலே ஏசி உறுமத் தொடங்கியது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் இரண்டு டியூப்லைட் மட்டும் எரிந்திருக்கும். இப்போது நாங்கள் வைத்த சென்சார் ஒரு பொம்மைக்காக மாடி முழுக்க விளக்கு போட்டு, வியர்க்காமல் ஏசியும் போட்டுக் கொடுத்தது. சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

கீழே வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "விளக்கு வைக்கச் சொன்னது நான்தான். அந்தியில கடைக்குள்ள இருட்டு தங்கக் கூடாது. ஏன், உங்க வூட்டுல விளக்கு வைக்க மாட்டீங்களா?"

வைப்போம். பொழுது சாய்ந்ததும் அம்மா பல்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடும். நாங்களும் வாசலில்தான் இருப்போம். உள்ளே யாருமில்லாமல் அது எரியும். அதை வீண் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அப்படியென்றால் இந்த மூன்றாம் மாடி மட்டும் எப்படி வீணாகும்?

"இருட்டு தங்கக் கூடாது, அவ்வளவுதானே சார்? மாடிக்கு ஒரு லைட்டு போதும்."

"ஒண்ணு எப்படிம்மா பத்தும்?"

"எங்க வூட்டுல ஒத்த பல்புதான் சார். இருட்டு தங்குனதில்ல."

"சரி, போட்டுப் பாரு."

மாடிக்கு ஒரு எல்.இ.டி. விளக்கைத் தனியாகப் பிரித்து, அந்தந்த நாள் சூரியன் மறையும் நேரத்தில் எரியும்படி வைத்தேன். அதற்கும் ஏசிக்கும் சம்பந்தமில்லாமல் செய்தேன். பொம்மையைக் கீழே ஷோகேஸுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த பில் இறங்கியது. எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. என் வேலையும் நிரந்தரமானது.

புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு கட்டடத்தில் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னால் அங்கே ஓர் அந்திப் பொழுது இருந்து பாருங்கள். எது தேவை, எது வீண் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். அதனால் அளந்து பார்ப்பதை எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினேன். மீட்டர் இணைப்பாக மாற்றச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன்.

"சும்மா எரியுறதுக்கு எதுக்குடி மீட்டரு?" என்றது அம்மா.

"எவ்வளவு எரியுதுன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சுக்கிட்டா விளக்கு வைக்காம இருந்துருவியா?"

போன வாரம் மீட்டர் மாட்டிவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் அம்மா பல்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. நான் மட்டும் உள்ளே போய், மீட்டரில் கரண்ட் ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளி மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.